அக்கா துறைமுகமும் அந்தலூஸ் பயணியும்



வரலாறு என்றதும் மன்னர்களின் படையெடுப்பும் கோட்டைகளின் முற்றுகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. எந்த ஆண்டில் எந்த நகரம் யாரிடம் வீழ்ந்தது என்பதை ஏடுகள் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அந்நகரத்தின் கடைவீதியில் நடந்த சாதாரண மனிதன் எப்படி நடத்தப்பட்டான், சுங்கச் சாவடியில் அவனுடைய மூட்டையை யார் எவ்வாறு அவிழ்த்தார்கள், அந்நியர் ஆட்சியில் அவன் எங்கே தொழுதான் என்பனவற்றை அறிய வேண்டுமானால் பயணிகளின் குறிப்பேடுகளையே நாட வேண்டும். நம் முன்னோர் விட்டுச் சென்ற அத்தகைய குறிப்பேடுகளுள் தலையாயது இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் 'ரிஹ்லா' என்னும் பயண நூலாகும். அந்நூலில் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் அமைந்த அக்கா என்னும் பழந்துறைமுக நகரத்தைப் பற்றி அவர் பதிவு செய்தவற்றை நம் ஜமாஅத்தார்களின் சிந்தனைக்கு இங்கே வைக்க விரும்புகிறோம்.

'அக்கா' என்பது அரபுப் பெயர். தமிழில் தமக்கையைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலை நாட்டார் இதனை 'ஏக்கர்' என்பர். பலஸ்தீன மண்ணின் வடபகுதியில், கடலுக்குள் நீண்டிருக்கும் சிறு முனையின் மீது அமைந்த ஊர் இது.

துறைமுகம் எழுந்த வரலாறு

இப்னு ஜுபைர் அவர்களுக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், எகிப்தையும் ஷாம் நாட்டையும் அஹ்மத் இப்னு தூலூன் ஆண்டு வந்தார். ஸூர் நகரத்தின் வலிமையான துறைமுகத்தைப் பார்த்த அவருக்கு, அக்காவிலும் அதுபோன்று ஒன்று வேண்டும் என்ற ஆசை எழுந்தது. கைவினைஞர்களை அழைத்துக் கேட்டபோது, தண்ணீருக்குள் கட்டடம் எழுப்பும் வித்தை இக்காலத்தில் யாருக்கும் தெரியாது என்று கைவிரித்தனர். அப்போது ஒருவர், பைத்துல் முகத்தஸில் வாழ்ந்த அபூபக்ர் அல்பன்னா என்னும் கட்டடக் கலைஞரின் பெயரைக் கூறினார். புகழ்பெற்ற புவியியல் அறிஞர் அல்முகத்தஸீ அவர்களின் பாட்டனார்தாம் இவர். பேரரே தம் நூலில் இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்.

அபூபக்ர் கையாண்ட முறை வியப்புக்குரியது. ஜும்மைஸ் எனப்படும் அத்தி வகை மரத்தின் பருத்த உத்திரங்களைக் கொணரச் செய்து, அவற்றைக் கோட்டையின் வடிவில் நீர்ப்பரப்பின் மீது மிதக்கவிட்டு ஒன்றோடொன்று பிணைத்தார். மேற்குப் பக்கம் கப்பல்கள் நுழைய வாயில் விட்டார். அவ்வுத்திரங்களின் மேல் கல்லும் சாந்தும் கொண்டு சுவர் எழுப்பினார். ஐந்து வரிசைக்கு ஒருமுறை பெரிய தூண்களைக் குறுக்கே வைத்து உறுதிப்படுத்தினார். சுமை ஏற ஏற உத்திரங்கள் அமிழ்ந்து, இறுதியில் கடலடி மணலில் படிந்தன. அத்துடன் வேலையை நிறுத்திவிட்டு, அடித்தளம் நன்கு இறுகட்டும் என்று ஓர் ஆண்டு முழுவதும் காத்திருந்தார். அதன் பின்னரே எஞ்சிய சுவரைக் கட்டி முடித்தார். இரவில் கப்பல்கள் உள்ளே வந்ததும் வாயிலின் குறுக்கே சங்கிலி இழுக்கப்பட்டது. அவருக்கு ஆயிரம் தீனாரும் பட்டாடைகளும் வாகனங்களும் பரிசாகக் கிடைத்தன. அவருடைய பெயரும் அங்கே பொறிக்கப்பட்டது.

கி.பி. 1047-இல் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரு இவ்வூருக்கு வந்தார். நகரின் நடுவே உயரமான இடத்தில் ஜும்ஆ பள்ளிவாசல் நின்றதையும், அதன் கிப்லாப் பக்கத்தில் ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் போற்றிய இடத்தையும், கீழ்த்திசை வாயிலருகே படிகளில் இறங்கிச் சென்று நீர் மொள்ளும் 'ஐனுல் பகர்' என்னும் ஊற்றையும் அவர் குறித்து வைத்தார். அன்று அது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம்.

கி.பி. 1104-இல் அந்நிலை மாறியது. சிலுவைப் போராளிகளான பரங்கியர் அக்காவைக் கைப்பற்றினர். அரபியர் இவர்களை 'இஃப்ரன்ஜ்' என்றனர். நாம் தமிழில் வழங்கும் 'பரங்கியர்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. அது முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அவர்களின் ஆட்சி தடையின்றி நீடித்தது. அந்த எண்பதாம் ஆண்டில்தான் நம் பயணி அங்கே வந்து சேர்ந்தார்.

யார் இந்தப் பயணி?

அபுல் ஹுஸைன் முஹம்மத் இப்னு அஹ்மத் இப்னு ஜுபைர் அவர்கள் கி.பி. 1145-இல் அந்தலூஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினின் வலன்சியா நகரில் பிறந்தவர். மார்க்கக் கல்வியிலும் அரபு இலக்கியத்திலும் தேர்ந்து, கிரனாடா ஆளுநரின் எழுத்தராகப் பணியாற்றினார். அந்த ஆளுநர் ஒருநாள் இவரை வற்புறுத்தி ஏழு கிண்ணம் மது அருந்தச் செய்தார் என்றும், பின்னர் தாமே வருந்தி அதே கிண்ணத்தில் ஏழு முறை பொற்காசுகளை நிரப்பிக் கொடுத்தார் என்றும், அப்பாவத்திற்குப் பரிகாரமாக அப்பணத்தைக் கொண்டே இவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ கூறுகிறார்.

ஹிஜ்ரி 578 ஷவ்வால் மாதம் (கி.பி. 1183 பிப்ரவரி) நண்பர் ஒருவருடன் கிரனாடாவை விட்டுக் கிளம்பினார். ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர்களின் கப்பலில் ஏறி, ஏறத்தாழ முப்பது நாள் கடலில் கழித்து, எகிப்தின் இஸ்கந்தரிய்யாவில் கரை சேர்ந்தார். நைல் நதி வழியாகச் சென்று, செங்கடல் கடந்து மக்காவை அடைந்து, ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனாவை தரிசித்து, பக்தாத், மூஸில், ஹலப் நகரங்களைக் கண்டு திமிஷ்கை அடைந்தார். தாயகம் திரும்பக் கப்பல் வேண்டும். அந்தக் கப்பல் பரங்கியரின் துறைமுகமான அக்காவிலிருந்துதான் புறப்படும். ஆகவே கி.பி. 1184 செப்டம்பரில் முஸ்லிம் வணிகர் கூட்டம் ஒன்றுடன் திமிஷ்கிலிருந்து புறப்பட்டார்.

அது போர்க்காலம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் அவ்வாண்டில்தான் பரங்கியரின் கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அவருடைய படை நாபுலுஸ் நகரைச் சூறையாடிக் கைதிகளைத் திமிஷ்குக்குக் கொண்டு வந்த வேளையில், இந்த வணிகர் கூட்டம் எதிர்த்திசையில் பரங்கி நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! படைவீரர்கள் போரிலே ஈடுபட்டிருக்க, குடிமக்களும் வணிகர்களும் இருபுறமும் அச்சமின்றிப் போய்வந்ததை உலகின் விந்தைகளுள் ஒன்றாக அவர் குறிப்பிடுகிறார். பானியாஸ் அருகே ஒரு சமவெளியின் விளைச்சலை முஸ்லிம்களும் பரங்கியரும் பங்கிட்டுக்கொண்டதையும், இரு சாராரின் கால்நடைகளும் ஒன்றாக மேய்ந்தும் யாரும் யாருக்கும் அநீதி இழைக்காததையும் கண்டார்.

வழியிலே கண்ட கசப்பான உண்மை

திப்னீன் என்னும் பரங்கியர் கோட்டையைக் கடந்ததும் அக்கா வரையிலும் தொடர்ச்சியாக முஸ்லிம் கிராமங்கள். நிலமெல்லாம் பரங்கியரின் ஆதிக்கத்தில்; உழுபவர்கள் முஸ்லிம்கள். அறுவடையில் பாதி வாரம் கொடுக்க வேண்டும். தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும் வரி. பழமரங்களுக்குச் சிறு வரி. அதற்கு மேல் அவர்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வீடும் உடைமையும் அவர்கள் வசமே இருந்தன. அக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கியபோது, பரங்கியரால் நியமிக்கப்பட்டிருந்த முஸ்லிம் ஊர்த்தலைவர் கூட்டத்தார் அனைவரையும், சிறியவர் பெரியவர் என்ற வேறுபாடின்றி, தம் இல்லத்துக்கு அழைத்து விருந்தளித்தார்.

இதைக் கண்ட இப்னு ஜுபைர் அவர்கள் மகிழவில்லை, மனம் நொந்தார்கள். ஏனெனில் அம்மக்களின் உள்ளம் பரங்கியர் பக்கம் சாய்ந்திருந்தது. எல்லைக்கு அப்பால் முஸ்லிம் ஆட்சியாளர்களின் கீழ் வாழும் தம் சகோதரர்கள் படும் பாட்டை அவர்கள் அறிந்திருந்தனர். அங்கே சொந்த மார்க்கத்தைச் சேர்ந்த நிலக்கிழார் கசக்கிப் பிழிகிறார். இங்கே பகைவனாகிய பரங்கி நிலக்கிழார் நியாயமாக நடக்கிறார். தன்னவனின் கொடுமையைப் பற்றி முறையிட்டு எதிரியின் நேர்மையைப் பாராட்டும் நிலைக்கு முஸ்லிம்கள் தள்ளப்பட்டிருப்பது சமுதாயத்தின் மீது இறங்கிய சோதனைகளுள் ஒன்று என்று வேதனையோடு எழுதுகிறார்.

சகோதரர்களே, இதனை எழுதியவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பரங்கியரின் நண்பர் அல்லர். அவர்களைப் பற்றிக் கடுஞ்சொற்களைத் தாராளமாக எழுதியவர். வழிப்போக்கராகக் கடந்து செல்வதற்கன்றி ஒரு முஸ்லிம் அவர்களின் ஊரில் தங்குவதற்கு நியாயமே கிடையாது என்ற கருத்துடையவர். அவர் வாழ்ந்த போர்ச்சூழலில் எழுந்த கருத்து அது. அத்தகைய ஒருவர்தாம், 'விவசாயியிடம் நீதியாக நடந்தவன் பரங்கி. அநீதி இழைத்தவன் நம்மவன்' என்னும் பொருள்படச் சாட்சியம் அளிக்கிறார். பகைவர் விஷயத்திலும் நீதி பிறழக் கூடாது என்று திருமறையின் மாயிதா அத்தியாயம் நமக்கு விதித்துள்ள கடமையை எழுதுகோலால் நிறைவேற்றியவர் அவர்.

இரண்டு சுங்கச் சாவடிகள்

ஹிஜ்ரி 580 ஜமாதுல் ஆகிர் பிறை 10 செவ்வாய்க்கிழமை (1184 செப்டம்பர் 18) அவர் அக்காவுக்குள் நுழைந்தார். கூட்டத்தார் நேரே சுங்கச் சாவடிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அது பயணிகள் தங்குவதற்காக அமைக்கப்பட்ட பெரிய விடுதி. வாயிலில் விரிப்புகள் பரப்பிய கல்திண்ணைகளில் கிறிஸ்தவ எழுத்தர்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் முன்னே கருங்காலி மரத்தால் செய்து பொன்னால் அழகுபடுத்திய மைக்கூடுகள் இருந்தன. அவர்கள் அரபியிலேயே எழுதினர், அரபியிலேயே பேசினர். சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அவர்களின் தலைவர் 'ஸாஹிப்' என அழைக்கப்பட்டார். வணிகர்கள் சரக்குகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மேல்தளத்தில் தங்கினர். வணிகர் அல்லாதாரின் மூட்டைகளும் சரக்கு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப்பட்டன. பின்னர் அவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம். இவை யாவும் கடுமையோ கெடுபிடியோ இன்றி மரியாதையுடனும் மென்மையுடனும் நடந்தன என்று அவர் பதிவு செய்கிறார்.

இதனோடு ஒப்பிட, ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் அவர் இஸ்கந்தரிய்யாவில் பட்ட அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அது ஸலாஹுத்தீன் அவர்களின் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம் துறைமுகம். வந்தவர்களோ பெரும்பாலும் ஹாஜிகள். கப்பலுக்குள் வந்த அதிகாரிகள் ஒவ்வொருவரின் பெயரையும் அடையாளத்தையும் ஊரையும் எழுதிக்கொண்டனர். கையிலிருந்த பொருளுக்கும் பணத்துக்கும் ஸகாத் விதித்தனர். ஓராண்டு பூர்த்தியானால்தான் ஸகாத் கடமை என்பது நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த சட்டம். அதனை அவர்கள் விசாரிக்கவே இல்லை. பின்னர் சாவடியில் மூட்டைகள் கலைத்துக் கொட்டப்பட்டன. இடுப்புக் கச்சைக்குள் கைவிட்டுத் தேடினர். வேறு எதுவும் இல்லையென்று சத்தியமும் வாங்கினர். நெரிசலில் பல பொருள்கள் காணாமற்போயின. ஹாஜிகள் அவமானத்தோடு வெளியேறினர்.

இங்கேயும் அவருடைய நடுநிலையைக் கவனிக்க வேண்டும். சுல்தானின் நீதியுணர்வை அறிந்தவர் என்பதால், இக்கொடுமை அவருடைய கவனத்துக்கு எட்டாமல் நடப்பது, எட்டினால் நிச்சயம் ஒழித்துவிடுவார் என்று எழுதுகிறார். அதே நகரில் வெளியூர் மாணவர்களுக்காக சுல்தான் அமைத்த மத்ரஸாக்களையும் மருத்துவமனையையும் குளியலறைகளையும், மேற்குத் திசையிலிருந்து வரும் வழிப்போக்கர்களுக்கு நாள்தோறும் தலைக்கு இரண்டு ரொட்டி வழங்கப்பட்டதையும் மனமாரப் புகழ்கிறார். ஆட்சியாளர் நல்லவராயிருப்பது மட்டும் போதாது; வாயிலில் அமர்ந்திருக்கும் கடைநிலை ஊழியரின் நடத்தையிலேதான் வெளியூர்க்காரன் ஓர் ஆட்சியை அளந்தறிகிறான். இந்த இரு சாவடிகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது.

நகருக்குள்ளே கண்டவை

அவரும் நண்பரும் கடலை நோக்கிய ஒரு வீட்டில், ஒரு கிறிஸ்தவப் பெண்மணியிடம் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். ஷாம் நாட்டில் பரங்கியருக்குரிய நகரங்களின் தலைநகர் போல அக்கா விளங்கியது. எல்லாத் திசைகளிலிருந்தும் கப்பல்களும் வணிகக் கூட்டங்களும் அங்கே சந்தித்தன. முஸ்லிம் வணிகரும் கிறிஸ்தவ வணிகரும் அங்கே கலந்தனர். அதன் பெருமையைக் கான்ஸ்டான்டிநோபிள் நகருக்கு ஒப்பிடுகிறார். தெருக்களில் கால் வைக்க இடமில்லாத நெரிசல். ஆனால் ஊர் முழுவதும் குப்பையும் துர்நாற்றமும் பன்றிகளும் நிறைந்திருந்தன என்றும் முகம் சுளிக்கிறார். சாவடியின் பண்பைப் பாராட்டிய அதே பேனா, தெருவின் அழுக்கை மறைக்கவில்லை.

பள்ளிவாசல்களெல்லாம் தேவாலயங்களாகவும், மினாராக்கள் மணிக்கூண்டுகளாகவும் மாற்றப்பட்டிருந்தன. ஆயினும் நாஸிர் குஸ்ரு கண்ட அந்தப் பெரிய பள்ளிவாசலில் ஒரு சிறு பகுதி மட்டும் முஸ்லிம்களின் கையில் எஞ்சியிருந்தது. வெளியூரிலிருந்து வரும் முஸ்லிம்கள் அங்கே கூடி ஃபர்ளான தொழுகையை நிறைவேற்றினர். அதன் மிஹ்ராபின் அருகேதான் ஸாலிஹ் நபி (அலை) அவர்களுடையது எனப்பட்ட அடக்கத்தலம் இருந்தது. அல்லாஹ் அவ்விடத்தைப் பாதுகாத்தான் என்று ஆறுதல் கொள்கிறார்.

ஊருக்குக் கிழக்கே உள்ள ஐனுல் பகர் ஊற்றுக்கும் சென்றார். ஆதம் நபி (அலை) அவர்களுக்காக அல்லாஹ் மாடுகளை வெளிப்படுத்திய இடம் என்று மக்களிடையே வழங்கிய ஊற்று அது. அதன் மேலே இருந்த பள்ளிவாசலின் மிஹ்ராபைப் பரங்கியர் இடிக்கவில்லை. அதன் கிழக்குப் பக்கத்தில் தங்களுக்கென ஒரு வழிபாட்டு மாடத்தை மட்டும் அமைத்துக்கொண்டனர். ஒரே கூரையின் கீழ் முஸ்லிம்கள் கிப்லாவையும் கிறிஸ்தவர்கள் கிழக்கையும் நோக்கி நின்று வணங்கினர். அவ்விடம் கிறிஸ்தவர்களின் கையில் இருந்தபோதிலும் கண்ணியமாகப் பேணப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஸூர் நகருக்குச் சென்று பதினொரு நாள் தங்கினார். அது அக்காவை விடத் தூய்மையானது, அதன் மக்கள் முஸ்லிம்களிடம் மென்மையானவர்கள் என்கிறார். அங்கே ஒரு கிறிஸ்தவத் திருமண ஊர்வலத்தையும் கண்டார். பொன்னிழை பட்டாடை நிலத்தில் புரள, மணமகள் நடந்து சென்றதை முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருபுறமும் நின்று பார்த்தனர்.

சங்கிலியில் கிடந்தவர்கள்

இவ்வளவு நயத்தக்க செய்திகளைச் சொன்னவர், அந்த ஊர்களின் கொடிய முகத்தையும் மறைக்கவில்லை. சிறைப்பிடிக்கப்பட்ட முஸ்லிம்கள் விலங்குகளுடன் தள்ளாடி நடந்து, அடிமைகளாகக் கடின வேலை செய்வதைக் கண்டார். முஸ்லிம் பெண்களின் கால்களில் இரும்பு வளையங்கள் கிடந்தன. கண்டவர் உள்ளம் பிளந்துவிடும், இரக்கப்படுவதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று கலங்குகிறார்.

பயன் தரும் வகையில் இரங்கியவர்களும் இருந்தார்கள். திமிஷ்கைச் சேர்ந்த நஸ்ர் இப்னு கவாம், அபுத்துர்ர் யாகூத் என்னும் இரு பெருவணிகர்களைக் குறிப்பிடுகிறார். பின்னவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். இவர்களின் வாணிபம் முழுவதும் பரங்கியர் ஆண்ட இக்கடற்கரையிலேயே நடந்தது. இவர்கள் தம் பணத்தாலும், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தாலும் கைதிகளை மீட்டனர். குறிப்பாக மக்ரிப் எனும் தூர மேற்கு நாட்டவரை மீட்பதில் கவனம் செலுத்தினர்.

அதற்குரிய காரணத்தை விளக்கும் ஒரு நிகழ்ச்சியும் அந்நூலில் உண்டு. சுல்தான் நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, மக்ரிப் நாட்டுக் கைதிகளை மீட்க 12,000 தீனார் செலவிடுவதாக நேர்ச்சை செய்தார்கள். நலமடைந்ததும் பணத்தை அனுப்பினார்கள். மீட்டு வரப்பட்டவர்களில் அவருடைய ஆட்சிக்குட்பட்ட ஹமாத் நகரத்தாரும் சிலர் இருந்தனர். அவர்களைத் திருப்பிவிட்டு அவர்களுக்குப் பதிலாக மக்ரிபிகளை மீட்குமாறு கட்டளையிட்டார்கள். ஹமாத் நகரத்தாருக்கு உற்றார் உறவினரும் அண்டை அயலாரும் இருக்கிறார்கள், அவர்கள் மீட்டுக்கொள்வார்கள். இம்மேற்கத்தியருக்கோ இங்கே யாரும் இல்லை என்பது சுல்தானின் விளக்கம். தன் ஊரான் என்பதை விட, ஆதரவற்ற அந்நியன் என்பதே உதவிக்கு முதல் தகுதி என்று அவர்கள் கருதினார்கள். இதனை நாம் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.

கடற்பயணமும் மெஸ்ஸினாவில் மீட்பும்

அக்காவிலிருந்து மேற்கே செல்லக் கீழ்க்காற்று வேண்டும். அது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே வீசும். இலையுதிர் காலத்தில் அக்டோபர் நடுவிலிருந்து சுமார் பதினைந்து நாள்தான். அக்டோபர் 6-ஆம் தேதி ஜெனோவாக் கப்பலில் ஏறியவர்கள், காற்றுக்காகக் காத்திருந்து 18-ஆம் தேதிதான் பாய் விரித்தார்கள். பைத்துல் முகத்தஸ் யாத்திரையை முடித்துத் திரும்பும் கிறிஸ்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் இருந்தனர். முஸ்லிம்கள் தனி இடத்தில் தங்கினர்.

புயலில் அலைக்கழிந்து, டிசம்பரில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா அருகே கப்பல் தரை தட்டியது. கரையிலிருந்து வந்த படகோட்டிகள் பெருங்கூலி கேட்டனர். ஏழை முஸ்லிம்களிடம் பணம் இல்லை. கப்பலைப் பார்க்க வந்திருந்த சிசிலியின் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம் இதனை அறிந்து, அவர்களைக் கரை சேர்க்கத் தம் பணத்திலிருந்து நூறு பொற்காசுகள் கொடுத்தார். இந்த நன்றியையும் இப்னு ஜுபைர் எழுதத் தவறவில்லை. 1185 ஏப்ரல் 25 அன்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயணத்தின் பின், கிரனாடாவில் தம் இல்லத்தை அடைந்தார்.

அதன் பின் அக்கா

அவர் வந்து சென்ற மூன்றே ஆண்டுகளில், 1187 ஜூலையில், ஹித்தீன் வெற்றியைத் தொடர்ந்து அக்கா ஸலாஹுத்தீன் அவர்களிடம் சரணடைந்தது. அங்கே சிறையிலிருந்த முஸ்லிம்கள் சுமார் நாலாயிரம் பேர் விடுதலை பெற்றதாக சுல்தானின் வரலாற்றை எழுதிய இப்னு ஷத்தாத் கூறுகிறார். இப்னு ஜுபைர் கண்டு கலங்கிய கைதிகளில் எத்தனை பேர் அன்று உயிரோடிருந்தார்களோ, அல்லாஹ் ஒருவனே அறிவான்.

1191-இல் நீண்ட முற்றுகைக்குப் பின் நகரம் மீண்டும் பரங்கியர் வசமானது. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், சரணடைந்த கைதிகளில் ஏறத்தாழ 2,700 பேரை வெட்டிக் கொன்றார். 1291-இல் மம்லூக் சுல்தான் அல்அஷ்ரஃப் கலீல் நகரை இறுதியாகக் கைப்பற்றியபோது, அங்கே வாழ்ந்த பரங்கிக் குடிகள் பெருமளவில் கொல்லப்பட்டனர். ஊரும் இடித்துத் தள்ளப்பட்டது. ஒரு கொலையை எழுதி மறு கொலையை விழுங்குவது வரலாறு ஆகாது. 1326-இல் ஷாம் நாட்டைச் சுற்றி வந்த இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் அக்காவை இடிபாடாகவே கண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ளாஹிர் அல்உமரும், அவருக்குப் பின் அஹ்மத் பாஷா அல்ஜஸ்ஸாரும் ஊரை மீண்டும் எழுப்பினர். 1781-இல் கட்டப்பட்ட ஜஸ்ஸார் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1799-இல் இந்நகரை முற்றுகையிட்ட நெப்போலியன் இரண்டு மாதம் போரிட்டும் கைப்பற்ற முடியாமல் திரும்பினார். 1948 முதல் இஸ்ரேலின் ஆளுகையில் உள்ள இப்பழைய நகரத்தை யுனெஸ்கோ 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உஸ்மானியர் காலக் கட்டடங்களின் அடியில் பரங்கியர் காலத்து மண்டபங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

நமக்குரிய படிப்பினை

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! அக்காவின் மதில்களை எழுப்பியவர்களும் இடித்தவர்களும் மறைந்துவிட்டனர். தம் குறிப்பேட்டில் ஒரு பயணி எழுதிய சாட்சியம் எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. இன்று சிலுவைப் போர்க்காலத்தை ஆராயும் எந்நாட்டு அறிஞரும் இப்னு ஜுபைரைப் புறக்கணிக்க முடியாது. அவருடைய எழுத்துக்கு இந்த மதிப்பைத் தந்தது அவருடைய உண்மையே. தம்மவரைப் புகழ்ந்து, எதிரியை இகழ்ந்து மட்டும் எழுதியிருந்தால் அந்நூல் அக்காலத்தோடு போயிருக்கும்.

நம்முடைய குறையை நம்மில் ஒருவர் எடுத்துச் சொன்னால் அவரைச் சமுதாயத் துரோகி என்று பட்டம் சூட்டுகிறோம். மாற்று மதத்தார் செய்த நன்மையை ஒருவர் பாராட்டினால் ஐயத்தோடு பார்க்கிறோம். ஹாஜியும் அறிஞருமான இப்னு ஜுபைர் அவர்கள் இரண்டையும் செய்தார்கள். அதனால் அவர்களின் ஈமான் குறைந்துவிடவில்லை. சமுதாயத்தின் மீது கொண்ட பற்றுதான் அவர்களை அவ்வாறு எழுத வைத்தது. திப்னீன் விவசாயிகளின் உள்ளத்தைப் பரங்கியர் வாளால் வெல்லவில்லை. நம்மவரின் அநீதியால் அவ்வுள்ளங்கள் விலகிப்போயின. இந்த எச்சரிக்கை அரசர்களுக்கு மட்டும் உரியதன்று. வேலைக்காரனுக்குக் கூலி தரும் முதலாளிக்கும், வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கும், ஊர் வழக்கைத் தீர்த்து வைக்கும் நிர்வாகிகளுக்கும், பள்ளிவாசலின் பொறுப்பிலிருக்கும் எம்மைப் போன்ற ஊழியர்களுக்கும் அது பொருந்தும்.

நம் பள்ளிவாசலுக்குத் தொழ வரும் வெளியூர்க்காரரும், மொழி தெரியாத கூலித் தொழிலாளியும் இவ்வூரில் எவ்வாறு நடத்தப்பட்டார்கள் என்பதை என்றோ ஒருநாள் தம் ஊரில் சொல்வார்கள். அவர்கள் சொல்லப் போவது இஸ்கந்தரிய்யாவின் கதையாக இல்லாமலிருக்க நாம் பாடுபட வேண்டும். உற்றாரற்றவனை முதலில் மீட்கச் சொன்ன நூருத்தீன் அவர்களின் நேர்ச்சையை, உதவி வழங்கும் ஒவ்வொரு வேளையிலும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையைப் பேசவும், வேண்டியவர் வேண்டாதவர் எனப் பாராமல் நீதி செலுத்தவும், அந்நியரை ஆதரிக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.